இயற்பியல் துறைப் பரிசுகளும் விருதுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழக இயற்பியல் துறை ஒன்றில் படிப்பவர்களும் பணிபுரிபவர்களும் பரிசுகளைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் பெரிதாக மாறுவதில்லை. தேர்வுக் குழுவில் அமர்ந்து கோப்புகளைப் படித்தவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். கடைசித் தேதி, தகுதி, தொகை ஆகியவற்றுக்கு உங்கள் துறையின் அறிவிப்பே இறுதி.

துறைக்குள் பொதுவாக என்னென்ன பரிசுகள் இருக்கும்?

மாணவர்களுக்கென்றால், இறுதித் தேர்வில் முதலிடம், செய்முறையில் சிறப்பு, சிறந்த திட்டப்பணி, சிறந்த முனைவர் பட்ட ஆய்வேடு, ஆய்வு நாளில் சிறந்த போஸ்டர் அல்லது சிறந்த உரை. இவற்றில் பல, முன்னாள் ஆசிரியர் அல்லது மாணவர் பெயரில் நிறுவப்பட்ட அறக்கட்டளைப் பரிசுகளாக இருக்கும். ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் விருதும் ஆய்வு விருதும் உண்டு. ஆய்வக உதவியாளர்கள், பட்டறைப் பணியாளர்கள், அலுவலகப் பணியாளர்கள் ஆகியோருக்கான விருது சில துறைகளில் இருக்கிறது. பல துறைகளில் இன்னும் இல்லை. இவற்றுக்கு மேல், துறை தன் ஆட்களை முன்மொழிந்து அனுப்பவேண்டிய வெளிப் பரிசுகள் இருக்கின்றன. துறைகள் அதிகம் கோட்டைவிடுவது இந்தக் கடைசி வகையில்தான்.

வகுப்பில் முதலிடம் எனக்கு இல்லை. எனக்கு ஏதாவது கிடைக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. மதிப்பெண் பரிசைக் கணினியே தீர்மானித்துவிடும். அங்கே வாதாட ஒன்றுமில்லை. மற்றவற்றில் மதிப்பெண் பின்னுக்குப் போய்விடும். ஆய்வகத்தில் வந்த ஒரு விநோதமான அளவீட்டைக் கருவியின் கோளாறு என்று ஒதுக்காமல் துரத்திப் பிடித்தவர், முதலாமாண்டு மாணவர்களுக்கு மாலை வேளைகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், பழுதடைந்து கிடந்த நிறமாலைமானியைச் சரிசெய்தவர் ஆகியோருக்கெல்லாம் பொருந்தும் பரிசுகள் பெரும்பாலான துறைகளில் இருக்கின்றன. ஆனால் அந்தச் செய்தி குழுவின் மேசைக்கு யாராவது எழுதி அனுப்பினால்தான் வரும்.

ஒரு புத்தகம், ஒரு சான்றிதழ், சிறு தொகை. இதற்காக இவ்வளவு பாடா?

சுப்ரமணியன் சந்திரசேகர் மாணவராக இருந்தபோது ஓர் இயற்பியல் போட்டியில் வென்று பெற்ற பரிசு, விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி ஆர்தர் எடிங்டன் எழுதிய நூல். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது வெண்குள்ள விண்மீன்களின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களின்) நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று அவர் கணக்கிட்டதற்குப் பின்னணியில் இருந்தவற்றுள் அந்த வாசிப்பும் ஒன்று. 1983இல் நோபல் பரிசு பெற்றார். புத்தகப் பரிசு நோபலைக் கொண்டுவந்தது என்று சொல்லவில்லை. சரியான வயதில் சரியான புத்தகம் கைக்கு வந்தது, அவ்வளவே. இன்று புத்தகத்துக்குப் பதிலாகக் கூப்பன் கொடுத்துவிடும் துறைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இன்னொன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆடம்ஸ் பரிசுக்கு, சனிக்கோளின் வளையங்கள் எப்படிக் குலையாமல் நிற்கின்றன என்ற கேள்வி தலைப்பாகக் கொடுக்கப்பட்டது. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1856இல் தன் கட்டுரையை அனுப்பினார். வளையம் ஒரே திடப்பொருளாகவோ தொடர்ச்சியான திரவமாகவோ இருந்தால் நிலைக்காது, எண்ணற்ற சிறு துண்டுகளாகத்தான் இருக்கவேண்டும் என்று கணித வழியில் காட்டினார். பரிசுத் தொகை 130 பவுண்ட். ஒரு நல்ல பரிசு அறிவிப்பு ஆய்வுக் கேள்வியாகவே அமைய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. போட்டித் தேர்வுகளும் அப்படித்தான்: திசையன் நுண்கணிதத்தில் நாம் ஸ்டோக்ஸ் தேற்றம் என்று படிப்பது, 1854இல் கேம்பிரிட்ஜின் ஸ்மித் பரிசுத் தேர்வின் வினாத்தாளில் ஒரு கேள்வியாகத்தான் முதலில் அச்சேறியது. அந்தத் தேர்வை எழுதியவர்களில் மேக்ஸ்வெல்லும் ஒருவர். எட்வர்ட் ரௌத்துடன் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

என்னை நானே முன்மொழிந்துகொள்ளலாமா? பார்க்க நன்றாக இருக்குமா?

விதி அனுமதித்தால் தாராளமாகச் செய்யலாம். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. 2018இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டோனா ஸ்டிரிக்லாண்ட் அப்போது இணைப் பேராசிரியர்தான். ஏன் முழுப் பேராசிரியர் ஆகவில்லை என்று கேட்டபோது, தான் விண்ணப்பிக்கவே இல்லை என்றார். அவர் விஷயத்தில் உலகம் சிரித்துவிட்டு நகர்ந்தது. நம்மைப் போன்றவர்கள் விண்ணப்பிக்காமல் இருந்தால் யாரும் கேட்கக்கூட மாட்டார்கள்.

சுய முன்மொழிவுக்கு இடமில்லாத பரிசானால், நெறியாளரிடமோ துறைத்தலைவரிடமோ நேராகச் சொல்லுங்கள்: "இந்தப் பரிசுக்கு நான் பொருத்தமாக இருப்பேன் என்று நினைக்கிறேன், நீங்கள் முன்மொழிய முடியுமா?" கூடவே ஒரு பக்கக் குறிப்பும் தன்விவரக் குறிப்பும் கொடுங்கள். குறைந்தது மூன்று வாரம் முன்னதாகக் கேளுங்கள். கடைசித் தேதிக்கு முந்தைய இரவு கேட்டால், கிடைக்கும் கடிதமும் முந்தைய இரவு எழுதியதாகவே இருக்கும்.

பரிந்துரைக் கடிதத்தில் குழு எதைப் பார்க்கிறது?

பேராசிரியர்கள் இதைத் தவறாமல் படிக்கவேண்டும். பரிசுகள் பெரும்பாலும் இங்கேதான் கைக்கு வருகின்றன, அல்லது கைநழுவுகின்றன.

குழு உறுப்பினர்களில் பலருக்கு வேட்பாளரின் உட்பிரிவு தெரியாது. திண்மநிலை இயற்பியலாளர் ஒருவர் வானியல் ஆய்வேட்டையும், துகள் இயற்பியலாளர் ஒருவர் ஒளியியல் ஆய்வேட்டையும் ஒரே மாலையில் எடைபோடவேண்டியிருக்கும். அவர்களுக்குத் தேவை மூன்று செய்திகள்: இதற்கு முன் என்ன தெரிந்திருந்தது, இவர் என்ன செய்தார், அதனால் இப்போது என்ன மாறியிருக்கிறது. "மிகச் சிறந்த மாணவர், கடின உழைப்பாளி, பழகுவதற்கு இனியவர்" என்று ஒரு பக்கம் நிரப்பினால், குழுவுக்குக் கிடைப்பது கடிதம் எழுதியவரின் நல்ல மனது மட்டும்தான். "அளவீட்டில் இருந்த இரைச்சலுக்குக் காரணம் குளிர்விப்புக் குழாயின் அதிர்வு என்று இவர்தான் கண்டுபிடித்தார், நானும் உடனிருந்த மற்றவர்களும் வேறு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்" என்ற ஒரு வரி அந்தப் பக்கம் முழுவதையும்விடக் கனமானது.

முன்மொழிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஐன்ஸ்டைனைவிடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை. 1910 முதலே அவர் பெயர் நோபல் குழுவுக்கு வந்துகொண்டிருந்தது. பெரும்பாலோர் சார்பியலைச் சுட்டினார்கள். குழுவோ அதில் தயங்கிக்கொண்டே இருந்தது. 1921இல் யாருமே தகுதி பெறவில்லை என்று அவ்வாண்டுப் பரிசை நிறுத்திவைத்தார்கள். சுவீடன் இயற்பியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஓசீன், ஒளிமின் விளைவின் விதியைக் கண்டறிந்ததற்காக ஐன்ஸ்டைனுக்குக் கொடுக்கலாம் என்று முன்மொழிந்தார். முட்டுக்கட்டை விலகியது. 1921ஆம் ஆண்டுக்கான பரிசு 1922இல் ஐன்ஸ்டைனுக்கு அறிவிக்கப்பட்டது. பாராட்டுரையில் ஒளிமின் விளைவு இருந்தது, சார்பியல் இல்லை. மனிதர் அதே மனிதர்தான். காகிதத்தில் எழுதப்பட்ட காரணம்தான் மாறியது.

இன்னொரு எச்சரிக்கை. பெண்களுக்கு எழுதும் கடிதங்களில் உழைப்பு, பொறுமை, ஒத்துழைப்பு என்றும், ஆண்களுக்கு எழுதுபவற்றில் கூர்மை, தனித்த சிந்தனை, துணிவு என்றும் சொற்கள் தாமாகப் பிரிந்து விழுவதை ஒரே ஆண்டின் கோப்புகளை அடுத்தடுத்துப் படித்தால் காணலாம். எழுதியவருக்கு அது தெரிந்திருக்காது. அனுப்புவதற்கு முன் பெயரை மட்டும் மாற்றி ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

ஆய்வை நான் செய்தேன். பரிசு நெறியாளருக்குப் போய்விடுமோ?

இயற்பியலில் இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1967இல் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், தொலைநோக்கிப் பதிவுத்தாளில் தெரிந்த சிறு கிறுக்கலை விடாமல் ஆராய்ந்து துடிப்பு விண்மீனை (சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை அனுப்பும் விண்மீனை) கண்டறிந்தார். 1974 நோபல் பரிசு அவரது நெறியாளர் ஆண்டனி ஹூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் கிடைத்தது. மறுபக்கமும் உண்டு. இரட்டைத் துடிப்பு விண்மீனை 1974இல் கண்டறிந்த மாணவர் ரஸ்ஸல் ஹல்ஸ், நெறியாளர் ஜோசப் டெய்லருடன் 1993 பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிரையன் ஜோசப்சன் 1962இல் ஆய்வு மாணவராகச் செய்த கணிப்புக்கு 1973இல் பரிசு பெற்றார். ஸ்டிரிக்லாண்டின் பரிசும் முனைவர் பட்ட ஆய்வின்போது நெறியாளர் ஜெரார் மூருவுடன் 1985இல் வெளியிட்ட கட்டுரைக்கானதுதான்.

துறை அளவில் இந்தச் சிக்கல் எளிது. ஆய்வேட்டுப் பரிசு மாணவருக்கு மட்டுமே உரியது. ஆனால் ஆய்வேட்டில் கூட்டாகச் செய்த அத்தியாயம் இருந்தால் யார் எதைச் செய்தார்கள் என்று தெளிவாக எழுதியிருக்கவேண்டும். "நாங்கள்" என்றே முந்நூறு பக்கமும் எழுதியிருந்தால், குழு நெறியாளரிடம்தான் கேட்கும். அவர் நினைவு எப்படியோ, பதிலும் அப்படியே.

நூறு பேர் சேர்ந்து செய்த ஆய்வில் ஒருவருக்கு எப்படிப் பரிசு?

நோபல் விதிப்படி ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது. ஈர்ப்பலைகளைக் கண்டறிந்த கட்டுரையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பெயர் இருந்தது. 2017 நோபல் மூவருக்குச் சென்றது. 2016இல் அதே கண்டுபிடிப்புக்குச் சிறப்புப் பிரேக்த்ரூ பரிசாகக் கொடுத்த 30 லட்சம் டாலரில் 10 லட்சம் லைகோ ஆய்வுத் திட்டத்தின் நிறுவனர்கள் மூவருக்கும், மீதி 20 லட்சம் பங்களித்த 1,012 பேருக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 2025இல் செர்ன் ஆய்வகத்தின் துகள் முடுக்கியான பெரிய ஹாட்ரான் மோதுவியின் ஆய்வுக் குழுக்களுக்குக் கிடைத்த பிரேக்த்ரூ பரிசில் 13,508 பேர் சேர்க்கப்பட்டனர்.

துறைப் பரிசில் இரண்டு வழியும் நடைமுறையில் உண்டு. குழுவுக்கே பரிசு கொடுப்பதானால் பெயர்ப்பட்டியலை முன்மொழிபவர் முழுமையாகக் கொடுக்கவேண்டும். பிறகு "அவரை மறந்துவிட்டோம்" என்று வந்தால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். தனியொருவருக்கானால், அவர் எழுதிய நிரல், அமைத்த உணரி, செய்த பகுப்பாய்வு என்று குறிப்பாகச் சுட்டவேண்டும்.

போஸ்டர் பரிசில் நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

நின்று கேட்க இரண்டு நிமிடம்தான் இருக்கும். முதல் வாக்கியத்தில் கேள்வியைச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து படிக்க முடியாத எழுத்து, அச்சுகளுக்குப் பெயரும் அலகும் இல்லாத வரைபடம், பிழைவரம்பு காட்டாத புள்ளிகள்: இவை மூன்றும் எந்த நடுவரையும் அடுத்த போஸ்டருக்கு நகர்த்திவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மதிப்பெண் குறையாது.

கற்பித்தல் விருதை ஆய்வில் சோபிக்காதவர்களுக்கான ஆறுதல் என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்களிடம், இயற்பியல் கற்பித்தலுக்காக அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் சங்கம் வழங்கும் எர்ஸ்டெட் பதக்கத்தின் பட்டியலைக் காட்டுங்கள். 1972இல் அதைப் பெற்றவர் ரிச்சர்ட் ஃபெயின்மன். 2001இல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2007இல் அதைப் பெற்றார். ஆய்வில் உச்சிக்குப் போனபின் கற்பித்தலையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர் அவர்.

கற்பித்தல் விருதில் உள்ள உண்மையான சிக்கல் வேறு. மாணவர் வாக்கை மட்டும் நம்பினால் அது பிரபல்யப் போட்டியாகிவிடும். எளிதான வினாத்தாள் போட்டவர் வெல்வார். வாக்கைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, கூடவே வகுப்பை நேரில் பார்த்த சக ஆசிரியரின் குறிப்பு, பாடத்திட்டத்தில் செய்த மாற்றம், மாணவர்கள் எந்தக் கருத்தைப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கான முன்-பின் சோதனை ஆகியவற்றையும் கேட்பது நல்லது. பெரிய முதலாமாண்டு வகுப்பை எடுப்பவரையும் எட்டுப் பேர் கொண்ட சிறப்புப் பாடத்தை எடுப்பவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஆய்வக உதவியாளர்களையும் அலுவலகப் பணியாளர்களையும் முன்மொழியலாமா?

முன்மொழியவேண்டும். ஜே. ஜே. தாம்சன் 1897இல் எலக்ட்ரானைப் பற்றி அறிவித்த சோதனைகளுக்கான கண்ணாடிக் குழாய்களை ஊதிக் கொடுத்தவர் எபனேசர் எவரெட். நெதர்லாந்தின் லைடன் ஆய்வகத்தில் 1908இல் ஹீலியம் திரவமாக்கப்பட்டபோது கருவிகளைக் கட்டி இயக்கியதில் ஹெரிட் யான் ஃபிலிமுக்கும் கண்ணாடி வேலையில் ஆஸ்கர் கெசல்ரிங்குக்கும் பெரும்பங்கு உண்டு. 1911இல் மீக்கடத்தல் (மிகக் குளிரில் மின்தடை மறைந்துபோவது) தெரிந்த மின்தடை அளவீட்டைச் செய்தவர் கில்லெஸ் ஹோல்ஸ்ட். கட்டுரையில் ஆய்வகத் தலைவர் காமர்லிங் ஓனஸ் பெயர் மட்டுமே ஆசிரியராக இருந்தது. 1913 நோபலும் அவருக்கே. எவரெட், ஃபிலிம், கெசல்ரிங், ஹோல்ஸ்ட் ஆகிய இந்த நால்வர் பெயரை இயற்பியல் பட்டதாரிகளிடம் கேட்டுப் பாருங்கள்.

பணியாளர்களுக்கான கோப்புகள் மெலிவாக இருப்பதற்குக் காரணம், அவர்கள் வேலை சரியாக நடக்கும்போது யார் கண்ணிலும் படாது என்பதே. வெற்றிட பம்பு நின்றால்தான் அதைப் பராமரிப்பவரை நினைக்கிறோம். ஆகவே முன்மொழிபவர் தேடி எழுதவேண்டும்: எந்தக் கருவி, யாருடைய ஆய்வேடு, எவ்வளவு நேரம் மிச்சமானது, எந்த விபத்து தவிர்க்கப்பட்டது. தேர்வு அட்டவணை, நிதிக் கணக்கு, வெளிநாட்டு மாணவரின் விசா கடிதம் என்று துறையை ஓடவைக்கும் அலுவலகப் பணியாளருக்கும் இதே அளவுகோல்தான். "நீண்டகாலச் சேவை" என்ற பொதுவான புகழ்ச்சியில் முடித்துவிடாதீர்கள்.

குழுவில் என் நெறியாளர் இருக்கிறார். அது எனக்குச் சாதகமா?

சாதகமாக இருக்கக்கூடாது. தன் மாணவர், கூட்டு ஆசிரியர், உறவினர் ஆகியோரின் கோப்பு வரும்போது அவர் அறையைவிட்டு வெளியேறவேண்டும். பேசாமல் உள்ளே உட்கார்ந்திருந்தால் போதாது. வெளியேறியதைக் கூட்டக் குறிப்பில் பதிவுசெய்வது குழுவுக்கும் பாதுகாப்பு, வெற்றி பெற்றவருக்கும் பாதுகாப்பு.

தகுதியானவர் யாரும் இல்லையென்றால்?

கொடுக்காமல் விடலாம். இயற்பியல் நோபலே 1916, 1931, 1934, 1940, 1941, 1942 ஆகிய ஆண்டுகளில் வழங்கப்படவில்லை. ஆனால் துறை அளவில் பெரும்பாலும் நிலைமை வேறு: தகுதியானவர் இருப்பார், முன்மொழிவு வந்திருக்காது. குழுத் தலைவர் முதலில் கடைசித் தேதியை நீட்டித்து நான்கு பேருக்குத் தொலைபேசியில் பேசவேண்டும்.

இளம் ஆய்வாளர் விருதுக்கு வயது வரம்பு கடந்துவிட்டேன். குழந்தைப் பேற்றுக்காக விடுப்பில் இருந்தேன்.

அறிவிப்பை மறுபடி படியுங்கள். பல விருதுகள் வயதை விட்டுவிட்டு, முனைவர் பட்டத்துக்குப் பின் கழிந்த ஆண்டுகளைக் கணக்கிடத் தொடங்கிவிட்டன. தூய, பயன்பாட்டு இயற்பியலுக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் தொடக்கநிலை ஆய்வாளர் பரிசு, முனைவர் பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டு ஆய்வு அனுபவம் என்ற வரம்பை வைத்து, இடைவெளிகளை அதில் சேர்ப்பதில்லை. உங்கள் துறை விதியில் இந்த விலக்கு இல்லையென்றால், எழுத்து மூலம் கேளுங்கள். விலக்கு எழுதப்படாமல் இருப்பதற்கு யாரும் கேட்காததே பெரும்பாலும் காரணம்.

என் ஆசிரியர் நினைவாக ஒரு பரிசு நிறுவ விரும்புகிறேன். எதைக் கவனிக்கவேண்டும்?

இரண்டு விஷயம்: பணத்தின் மதிப்பு தேயும், நிபந்தனை இறுகும்.

முதலாவது. முதலீட்டின் வருமானம் முழுவதையும் ஆண்டுதோறும் பரிசாகக் கொடுத்துவிட்டால், விலைவாசி ஏற ஏற மூலதனம் அப்படியே நின்றுவிடும். ஒரு தலைமுறை கழித்து, அழைப்பிதழ் அச்சிடும் செலவுக்குக்கூடப் பரிசுத் தொகை ஈடாகாது. வருமானத்தில் ஒரு பகுதியை மூலதனத்தோடு சேர்க்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஆல்ஃபிரட் நோபலின் பெருஞ்செல்வமே இதில் தடுமாறியது. 1901இல் 1,50,782 குரோனராக இருந்த பரிசு 1923இல் 1,14,935 குரோனராகச் சுருங்கியது. முதலீட்டு விதிகள் தளர்ந்த பிறகுதான் மீண்டது. 2023 முதல் முழுப் பரிசு 1 கோடியே 10 லட்சம் குரோனர்.

இரண்டாவது. "எக்ஸ் கதிர்ப் படிகவியலில் சிறந்த மாணவருக்கு" என்று எழுதிவிட்டால், அந்தப் பாடமே நின்றுபோகும் காலத்தில் பணம் முடங்கிக் கிடக்கும். விருப்பத்தைச் சொல்லுங்கள், "அத்தகையவர் இல்லாதபோது சோதனை இயற்பியலில் சிறந்தவருக்கு" என்று ஒரு மாற்று வழியையும் வைத்துவிடுங்கள். சாதி, மதம், ஊர் சார்ந்த நிபந்தனைகளைப் பல்கலைக்கழகம் ஏற்காமல் போகலாம். முன்பே பேசிவிடுவது நல்லது.

பரிசுத் தொகையை நான் என்ன செய்தாலும் சரியா?

ரொக்கப் பரிசானால் உங்கள் விருப்பம். பயணத்துக்கோ கருவிக்கோ என்று குறிப்பிட்டுக் கொடுத்திருந்தால் ரசீது கேட்பார்கள். மேலே சொன்ன ஜோசலின் பெல் (இன்று ஜோசலின் பெல் பர்னெல்) 2018இல் கிடைத்த 30 லட்சம் டாலர் சிறப்புப் பிரேக்த்ரூ பரிசு முழுவதையும், இயற்பியலில் குறைவாக இடம்பெறும் பிரிவுகளிலிருந்து வரும் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார். எல்லோரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. வாடகை பாக்கி இருந்தால் முதலில் வாடகையைக் கட்டுங்கள்.

பரிசை மறுக்கலாமா?

மறுக்கலாம். 1933இல் பால் டிராக் விளம்பரத்துக்கு அஞ்சி நோபலை மறுக்க நினைத்தாராம். மறுத்தால் இன்னும் அதிக விளம்பரம் வரும் என்று ரூதர்ஃபோர்டு சொன்னதும் வாங்கிக்கொண்டார் என்பார்கள். துறைப் பரிசுக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. அறிவிப்புக்கு முன்பே சொல்லிவிட்டால் இரண்டாவது இடத்தில் இருப்பவருக்குப் போகும்.

கொடுத்த பரிசைத் திரும்பப் பெற முடியுமா?

தரவு மோசடியோ படைப்புத் திருட்டோ நிரூபிக்கப்பட்டால் முடியும். விதியில் அதற்கு இடம் வைத்திருக்கவேண்டும். பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்த இயற்பியலாளர் யான் ஹென்ட்ரிக் ஷோனின் ஆய்வுகளை விசாரித்த குழு, 2002இல் 24 குற்றச்சாட்டுகளில் 16இல் முறைகேடு நடந்ததாக அறிவித்தது. அவர் பெற்ற பரிசுகள் திரும்பப் பெறப்பட்டன. 2004இல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்தையும் பறித்தது. நேர்மையாகச் செய்த அளவீடு பின்னர் தவறென்று தெரிந்தால் அது மோசடியில் சேராது. அதற்காகப் பரிசைப் பிடுங்குவது அநியாயம்.

இந்த ஆண்டு கிடைக்கவில்லை. மீண்டும் அனுப்பலாமா?

அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் 84 முறை நோபலுக்கு முன்மொழியப்பட்டார்; ஒருமுறையும் கிடைக்கவில்லை. ஹைசன்பர்க், பௌலி, டிபை, பெத்தே என்று அவரிடம் படித்தவர்கள் வாங்கினார்கள்.

உங்கள் கோப்பை அப்படியே மறுபடி அனுப்பாதீர்கள். குழுச் செயலரிடம் எங்கே பின்தங்கியது என்று கேளுங்கள். பல குழுக்கள் இரண்டு வரியாவது சொல்லும். புதிய கட்டுரை, புதிய அளவீடு, உங்கள் முடிவைப் பயன்படுத்திய வேறொரு குழு என்று ஏதாவது சேர்ந்திருந்தால் முதல் பக்கத்திலேயே அதைக் கொண்டுவாருங்கள். மூன்று பரிந்துரையாளர்களில் ஒருவரையாவது உங்கள் துறைக்கு வெளியிலிருந்து தேர்ந்தெடுங்கள். பழைய கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பும் பேராசிரியர்கள் உண்டு. அப்படி நடந்தால் குழுவுக்கு உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் போன ஆண்டுக் கோப்பும் அதே அலமாரியில்தான் இருக்கிறது.